ஆணியடித்த ஜன்னலும் கண்ணாடித் தொட்டியும்

786

புலாவ் ஜெரஜாக்
12 ஏப்ரல் 1927

காமாரியாவுக்கு காஜா மொய்தீன் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும்.

ஐந்து வாரம் எழுதாமல் இருந்தேன். எழுத உட்காருவேன், உன் பெயரை எழுதுவேன், அதற்குமேல் ஓடாது. இன்றைக்கு எப்படியும் முடித்துவிடுவது என்று உட்கார்ந்திருக்கிறேன்.

இந்தக் கடிதத்தைக் கொண்டுவருகிறவர் இங்கே வார்டில் வேலை பார்க்கும் முனுசாமி. வாரத்துக்கு ஒரு நாள் சாமான் வாங்கப் படகேறி டவுனுக்கு வருகிறார். சௌராஸ்தா பாசாருக்குச் சாமான் வாங்க வரும் ரொஸ்னா மதினியின் கூடையில் போட்டுவிடச் சொல்லியிருக்கிறேன். தபாலில் போட்டால் உறைமேல் தீவின் முத்திரை விழும். அது கடைக்கு வருவதை ஹனீபா அண்ணன் விரும்பமாட்டார். காகிதத்தில் மருந்து வாடை அடித்தால் பயப்படாதே. எங்கள் கை பட்ட எதையும் ஆவி காட்டாமல் வெளியே விடுவதில்லை.

மாடியில் நான் செய்து வைத்த கண்ணாடித் தொட்டி என்ன ஆயிற்று? நான்கு பக்கமும் நானே வெட்டிய கண்ணாடி. மூலைகளில் பூசிய மக்கு இன்னும் முழுக்க இறுகியிருக்காது, ஆகவே தொட்டியை நகர்த்தாதே. தண்ணீரை மாற்றவே மாற்றாதே. குறைந்த அளவுக்கு மட்டும் மேலே ஊற்று, அதுவும் ஒரு நாள் பிடித்து வைத்த தண்ணீர். அடியில் வயல் மண், அதன்மேல் இரண்டு விரற்கடை ஆற்று மணல் போட்டிருக்கிறேன். மணலைக் கிளறினால் மண் கலங்கி எல்லாம் போய்விடும். பின்வரிசையில் நாடா போல நீண்டு நிற்பது சீக்கிரம் பரவும். முன்னால் இருக்கும் பழுப்பு இலைச் செடிதான் ரோஷக்காரச் செடி. நம் கலியாணத்துக்கு மறுநாள் உங்கள் கெப்பாலா பத்தாஸ் வாய்க்காலில் இறங்கிப் பிடுங்கினேனே, அது. உன் அண்ணன்மார் கரையில் நின்று சிரித்தார்கள். மீன்களுக்கு ஒரு சிட்டிகைக்கு மேல் போடாதே. வெளிச்சம் வேண்டும். தெருப்பக்க ஜன்னலைக் காலையில் திறந்து வை.

தண்ணீர்மலைத் தோட்டத்து ஆபீசில் படம் மாட்டப் போனபோது அங்கிருந்த தோட்டக்காரர் சொல்லிக்கொடுத்தது இவ்வளவுதான். எனக்குத் தெரிந்ததும் இவ்வளவுதான்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

காஜா மொய்தீன்


ஆச்சே தெரு
20 ஏப்ரல் 1927

மச்சானுக்கு காமாரியாவின் சலாம்.

கடிதம் வந்தது. இரண்டு பக்கம். அதில் ஒன்றரைப் பக்கம் மண்ணும் மணலும் மீனும். என் உடம்புக்கு ஒரு வரி.

தைப்பிங்குக்குச் சட்ட மரம் வாங்கப் போகிறேன், மூன்று நாளில் வந்துவிடுவேன் என்று சொல்லிவிட்டுத்தானே இறங்கினீர்கள்? நான் உங்களுக்கு வெள்ளைச் சட்டை மடித்து வைத்தேன். நாலாவது நாள் மீன் வாங்கிச் சமைத்தேன். ஒன்பதாவது நாள்தான் ரொஸ்னா லாத்தா மாடிக்கு வந்து, கதவைச் சாத்திவிட்டு, "தம்பி தைப்பிங் போவலம்மா. ஆஸ்பத்திரிக்குத் தானா நடந்து போயிருக்கு. அங்கேருந்து ஜெரஜாக்குக்குக் கொண்டு போயிட்டாங்க. பெரு வியாதியாம்" என்றது. சொல்லிவிட்டு அதுதான் அழுதது. எனக்கு அழுகை வரவில்லை. டிசம்பர் மாதம் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது.

கண்ணாடி வெட்டும்போது உங்கள் இடது சுண்டுவிரல் எலும்பு தெரிய அறுந்தது. மேசையெல்லாம் ரத்தம். "வலிக்கலையா மச்சான்?" என்று நான் கேட்டேன். நீங்கள் வேறு யாருடைய விரலையோ பார்ப்பது போலப் பார்த்தீர்கள். அன்று முதல் பாய் தனி, தட்டு தனி, குவளை தனி. புழுக்கமாக இருக்கிறது என்றீர்கள். கலியாணம் ஆகி ஐந்து மாதம். என்னைப் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டேன். மூன்று மாதம் ஒவ்வொரு நாளும் அப்படித்தான் நினைத்தேன். என் கறுப்பா, என் பல்லா, என் பேச்சா என்று தேடினேன். நீங்கள் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அந்த மூன்று மாதமும் நீங்கள் உட்கார்ந்து தொட்டி செய்துகொண்டிருந்தீர்கள்.

உங்கள் அண்ணன் கேட்கிறவர்களுக்கெல்லாம், உங்கள் உம்மாவுக்கு உடம்புக்கு முடியாமல் நீங்கள் நாகூருக்குக் கப்பலேறிவிட்டதாகச் சொல்கிறார். என் உம்மாவுக்கும் அப்படித்தான் எழுதிப் போட்டிருக்கிறார். உண்மை தெரிந்தால் இந்தக் கடையில் எவன் கண்ணாடி வாங்குவான், எவன் தன் வீட்டுப் படத்தைக் கொடுத்துச் சட்டம் போடச் சொல்வான் என்கிறார். நான் வாய் தவறிவிடுவேன் என்று பயம். ஆகவே நான் கீழே இறங்கக் கூடாது. பாசாருக்குப் போகக் கூடாது. உம்மா வீட்டுக்கும் போகக் கூடாது. தெருப்பக்க ஜன்னலைத் திறக்கக் கூடாது. நீங்கள் திறந்து வை என்கிறீர்கள்.

உங்கள் தொட்டிக்கு வருகிறேன். இருட்டில் எல்லாம் அழுகிவிட்டது. நாடா மஞ்சளாகி ஒடிந்து மிதக்கிறது. உங்கள் பழுப்பு இலைச் செடி ஊசிப்போன கீரை மாதிரி கூழாகிவிட்டது. நாற்றம். மீன் இரண்டு செத்தது, இரண்டு இருக்கிறது. அப்படியே அள்ளிச் சாக்கடையில் கொட்டிவிடலாம் என்று முந்தாநாள் வாளி எடுத்து வந்தேன். கையை விட்டபோது அந்தக் கூழுக்கு நடுவில், மணலோடு ஒட்டி, சுருட்டி வைத்த காகிதம் போல நகத்தளவில் ஒரு தளிர். கொட்ட மனம் வரவில்லை. ஏன் என்று தெரியவில்லை. உங்களுக்காக இல்லை.

அதை என்ன செய்ய வேண்டும் என்று எழுதுங்கள்.

காமாரியா


ஜெரஜாக்
4 மே 1927

காமாரியாவுக்கு,

உன் கடிதத்தை முனுசாமி கொடுத்து இரண்டு வாரம் ஆகப்போகிறது. போன வாரம் வெறுங்கையாக அவரை அனுப்பினேன்.

நீ எழுதியது உண்மை. டிசம்பருக்கு முன்பே ஓர் அடையாளம் இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். முதுகில் ஒரு தேமல், அதில் வேர்வை வராது. கலியாணத்தின்போது அது தேமல் என்றே நினைத்தேன், இது சத்தியம். விரல் அறுந்த அன்றுதான் என்னவென்று புரிந்தது. உன்னிடம் சொன்னால் நீ போய்விடுவாய் என்று சொல்லவில்லை. உன்னைத் தொட்டால் உனக்கும் வந்துவிடும் என்று தொடவில்லை. இரண்டும் சேர்ந்து உனக்கு எப்படித் தோன்றும் என்று யோசிக்கவே இல்லை. உன் பல்லையும் பேச்சையும் பற்றி எழுதியிருந்தாயே, அந்த இடத்தை இரண்டாம் முறை படிக்க முடியவில்லை.

இங்கே வாரத்துக்கு இரண்டு முறை நீரடிமுத்து எண்ணெய் ஊசி போடுகிறார்கள். போட்ட இடம் கல்லாகிவிடும், இரண்டு நாள் உட்கார முடியாது. மற்றபடி சோறு உண்டு, பள்ளி உண்டு, தோட்ட வேலை உண்டு. கடல் நாலாபக்கமும் உண்டு. எதிரே பினாங்குக் கரை, கத்திக் கூப்பிட்டால் கேட்டுவிடும் போல இருக்கும். யாரும் கூப்பிடுவதில்லை.

தளிர் இருக்கிறதென்றால் செடி சாகவில்லை. அந்த ஜாதிக்கு அதுதான் வழக்கம். தண்ணீர் மாறினாலோ வெளிச்சம் மாறினாலோ இலைகள் எல்லாவற்றையும் உதிர்த்துவிட்டு வேரோடு கிடக்கும். பிடுங்கிப் பார்க்காதே. கத்தரிக்கோலால் அழுகிய இலைகளை அடியோடு வெட்டி எடு. மிதக்கும் குப்பையைத் துணியில் வடி. செத்த மீன் மணலில் புதைந்து கிடக்கிறதா பார், கிடந்தால் தண்ணீர் கெடும். பத்து நாள் மீனுக்கு ஒன்றும் போடாதே, அவை தாமாகத் தின்றுகொள்ளும். ஒரு நாளைக்கு மூன்று மணி நேரமாவது வெளிச்சம் படவேண்டும். அண்ணனிடம் சொல், செடிக்காக என்று சொல்.

ஒன்று கேட்கிறேன். உன் உடம்பில் எங்காவது உணர்ச்சி இல்லாமல் இருக்கிறதா? பார்த்து எழுது.

காஜா மொய்தீன்


ஆச்சே தெரு
9 ஜூன் 1927

மச்சானுக்கு,

இந்தக் கடிதம் நீளும். இங்கே பேச ஆள் இல்லை, அதனால்தான்.

செடிக்காக என்று உங்கள் அண்ணனிடம் சொன்னேன். "மனுசனுக்கே இங்கே வெளிச்சம் இல்ல, புல்லுக்கு வெளிச்சமா?" என்றார். மறுநாள் காலை நானே ஜன்னலைத் திறந்தேன். ஒரு கை அகலம்தான். ரிக்‌ஷாச் சத்தமும் வறுத்த காப்பிக்கொட்டை வாசனையும் உள்ளே வந்தன. ஐந்து நாள் யாருக்கும் தெரியவில்லை. ஆறாவது நாள் எதிர்வரிசைச் சீனக் கிழவி மாடியிலிருந்து பார்த்துக் கையை ஆட்டினாள். நானும் ஆட்டிவிட்டேன். கிழவி சும்மா இருக்காமல் கீழே வந்து உங்கள் அண்ணனிடம், மேலே இருக்கிற பெண் யார், வெளியில் காணவே இல்லையே என்று விசாரித்திருக்கிறாள்.

சுத்தியலோடு ஏறி வந்தார். "நான் சொன்னா கேக்க மாட்டியா? ஒனக்குக் கை ஆட்டறதுக்கு எதிர் வூடு வேணுமாலா?" ஆறு ஆணி. நம் கடையில் படச்சட்டத்துக்கு அடிப்போமே, அந்த மெல்லிய ஆணி இல்லை. பெட்டி அடிக்கிற ஆணி. அவர் அடிக்கும்போது நான் தொட்டியைக் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தேன், அதிர்வில் கண்ணாடி விட்டுவிடுமோ என்று. கோபம் பிறகுதான் வந்தது.

இனி அந்த அறையில் வழியில்லை. வீட்டு நடுவில் வானம் தெரிகிற முற்றம் இருக்கிறதே, மேல்மாடியில் அதைச் சுற்றி வரும் நடையில் தொட்டியை வைத்தால் தெருவுக்குத் தெரியாது என்று யோசித்தேன். நகர்த்தாதே என்றீர்கள். நகர்த்தினேன். முக்கால் தண்ணீரைப் பானைகளில் மொண்டு வைத்துவிட்டு, லாத்தா ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். அது கர்ப்பிணியைத் தூக்குவது போல "பெலான், பெலான்" என்று சொல்லிக்கொண்டே பின்னால் நடந்தது. மெதுவாக, மெதுவாக என்று எனக்கும் சேர்த்துத்தான். ஒரு மூலையில் மக்கு பெயர்ந்து ஒழுகியது. லாத்தா கடையிலிருந்து மக்கு எடுத்து வந்தது, நானே பூசினேன். உங்கள் பூச்சு மாதிரி வழவழப்பாக இல்லை. ஒழுகவில்லை.

பிறகு வெளிச்சம் அதிகமாகிவிட்டது. உச்சி வெயில் நேராக இறங்கியது. ஒரே வாரத்தில் தண்ணீர் பச்சை. பாண்டான் இலையை அரைத்து ஊற்றியது போல. மீன் எங்கே, செடி எங்கே, ஒன்றும் தெரியாது. உங்களைக் கேட்டு எழுதிப் பதில் வர வாரங்கள் ஆகும். மாற்றிவிடலாமா என்று கை துடித்தது. மாற்றவில்லை. பன்னிரண்டு மணிக்கு என் மல் துப்பட்டாவை மேலே கட்டினேன், மூன்று மணிக்கு அவிழ்த்தேன். முனுசாமி மூலம் பாகான் டாலாமிலிருந்து ஒரு பிடி கியம்பாங் மிதவைச் செடி வரவழைத்து மிதக்கவிட்டேன், அதுவும் கொஞ்சம் நிழல் தந்தது. பதினாறாம் நாள் காலையில் எழுந்து பார்த்தால் தண்ணீர் தெளிந்திருந்தது. பழுப்பு இலைச் செடியில் ஆறு இலை. நாடா பக்கத்தில் ஓடி ஓடிக் குட்டி போட்டிருக்கிறது. பத்து மணி வெயிலில் இலை நுனியிலிருந்து முத்து முத்தாகக் குமிழி ஏறுகிறது. இதை நீங்கள் எனக்குச் சொல்லவே இல்லையே? லாத்தாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். "அலாமா, மூச்சு வுடுதுடி" என்றது.

இனி நான் சொல்ல நினைத்தது.

போன வியாழக்கிழமை சுகாதாரத் துறையிலிருந்து ஓர் அதிகாரியும் ஒரு நர்ஸம்மாவும் வந்தார்கள். உங்களோடு இருந்தவர்களையெல்லாம் சோதிக்க வேண்டுமாம். சத்தம் கேட்டதுமே உங்கள் அண்ணன் மேலே ஓடிவந்து என்னைப் பின்னறையில் தள்ளிக் கதவை வெளியே பூட்டினார். விற்காத கண்ணாடிகளை அடுக்கி வைத்திருக்கிற அறை. கீழே அவர் சொல்வது கேட்டது: "அந்தப் பொண்ணு கெப்பாலா பத்தாஸ்ல அவ உம்மா வூட்ல இருக்குங்க." நர்ஸம்மா விடவில்லை. அந்தப் பெண்ணின் நன்மைக்குத்தான், சீக்கிரம் அழைத்து வாருங்கள், ஆரம்பத்தில் பார்த்தால் குணமாக்க வழி உண்டு என்று மலாயில் திரும்பத் திரும்பச் சொன்னாள். அவர் சரி சரி என்றார்.

அந்த அறையில் எந்தப் பக்கம் திரும்பினாலும் என் முகம். சின்னக் கண்ணாடியில் காது மட்டும், பெரிய கண்ணாடியில் முழு உடம்பு. நான் அங்கே நின்றுகொண்டு தேமல் தேடினேன். தாவணியை விலக்கிக் கழுத்து, தோள், முதுகு எல்லாம் பார்த்தேன். கதவு இடுக்கில் வருகிற வெளிச்சத்தில் என்ன தெரியும்? கதவு திறந்த பிறகு முற்றத்து நடைக்குப் போய், தொட்டியின் பக்கத்தில் உட்கார்ந்து, குண்டூசியால் விரல் விரலாகக் குத்திப் பார்த்தேன். எல்லாம் வலித்தது. முழங்கைக்குக் கீழே ஓரிடத்தில் மட்டும் வலித்ததா இல்லையா என்று தெரியவில்லை. பத்துத் தடவை குத்தினேன். குத்திக் குத்தி அந்த இடமே மரத்துவிட்டது. இப்போது எதுவும் நிச்சயமில்லை.

நான் சோதனைக்குப் போகிறேன் என்று உங்கள் அண்ணனிடம் சொன்னேன். "ஒனக்கும் இருந்துச்சுன்னா? வூட்டுக் கதவுல எழுதி ஒட்டச் சொல்லுவியா?" என்றார். அவரும் பயந்துதான் இருக்கிறார். ராத்திரி தன் பிள்ளைகளின் கையைக் கிள்ளிப் பார்க்கிறாராம், லாத்தா சொல்கிறது.

நீங்கள் கேட்டதற்கு என் பதில் இதுதான்: தெரியவில்லை.

காமாரியா


ஜெரஜாக்
22 ஜூன் 1927

அன்புள்ள காமாரியாவுக்கு,

உன் கடிதம் வருவதற்கு முன்பே நான் ஒரு காரியம் செய்துவிட்டேன். இப்போது அதை உன்னிடம் சொல்ல வேண்டும்.

மே மாதக் கடைசியில் டாக்டர் என் காது மடலில் கீறி எடுத்துப் பார்த்தார். இன்னும் கிருமி இருக்கிறது. எத்தனை வருஷம் என்று கேட்டேன். மூன்றாகலாம், பத்தாகலாம், சிலர் போவதே இல்லை என்றார். என் பக்கத்துக் கட்டிலில் இருப்பவர் பதினெட்டு வருஷமாக இருக்கிறார். அவர் மனைவி முதல் வருஷம் நாலு தடவை வந்தாளாம், அடுத்த வருஷம் ஒரு தடவை. பிறகு அவளைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. இருக்கிறாளா என்றுகூடத் தெரியாது.

உனக்கு இருபது வயது. உன்னை விடுவித்துவிடுவதாக அண்ணனுக்கு எழுதினேன். தலாக் சொல்லிவிடுகிறேன், காமாரியாவை உம்மா வீட்டில் சேர்த்துவிடுங்கள் என்று எழுதினேன். இவ்வளவுதான் நான் கேட்டது. அண்ணன் பதில் அனுப்பியிருக்கிறார். ஒப்புக்கொள்கிறார். ஆனால் உன்னை உம்மா வீட்டுக்கு அனுப்பினால் காரணம் வெளியாகிவிடும் என்கிறார். சுங்கை பட்டாணியில் ஒரு துணி வியாபாரி, மனைவி மௌத்தாகி இரண்டு வருஷமாம், நாற்பது வயதுக்குள்தானாம், அவரிடம் பேசிவிட்டாராம். இத்தா இருக்கும் மூன்று மாதம் முடிந்ததும் அங்கேயே நிக்காஹ் வைத்துக்கொள்ளலாம் என்கிறார். ஜூலை எட்டாம் தேதி வெள்ளிக்கிழமை, ஜும்மாவுக்குப் பிறகு காதியை வீட்டுக்கு அழைக்கிறார். அதற்கு முன் என் கையெழுத்தும் இரண்டு சாட்சியும் வேண்டும். காகிதம் முனுசாமி கையில் வந்துவிட்டது. என் தலையணைக்குக் கீழே இருக்கிறது.

நீ பூட்டிய அறையில் நின்றதைப் படித்த பிறகு எனக்கு எது சரி என்று தெரியவில்லை. கையெழுத்துப் போட்டால் உன்னைத் தெரியாத ஒருவரிடம் தள்ளுகிறேன். போடாவிட்டால் அந்த ஆறு ஆணிக்குள் விடுகிறேன். இங்கிருந்து என்னால் உன்னை வெளியே எடுக்க வேறு வழி தெரியவில்லை.

குண்டூசியால் இனிமேல் குத்தாதே. இறகால் தடவிப் பார். கண்ணை மூடிக்கொண்டு, மதினியைத் தடவச் சொல்.

தண்ணீர் தெளிந்தது என்று படித்தபோது எழுந்து வெளியே போய்ச் சற்று நடந்துவிட்டு வந்தேன்.

காஜா மொய்தீன்


ஆச்சே தெரு
30 ஜூன் 1927

மச்சானுக்கு,

நீங்கள் இரண்டு பேரும் கடிதம் எழுதி என்னை ஓர் அறையிலிருந்து எடுத்து இன்னோர் அறையில் வைக்கப் பார்க்கிறீர்கள். கெப்பாலா பத்தாஸிலிருந்து செடியைப் பிடுங்கி வந்தீர்களே, அப்படி. செடியிடம் கேட்க முடியாது. எனக்கு வாய் இருக்கிறது.

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு நான் வெளியே போனேன். பின்வாசல் வழியாக இல்லை. கடை வழியாக. முக்காடு போட்டு, உங்கள் குடையை எடுத்துக்கொண்டு படி இறங்கினேன். கடையில் மூன்று பேர் நின்றார்கள். தங்கக்கடைச் செட்டியார், ஒரு மலாய் வாத்தியார், அந்த எதிர்வீட்டுச் சீனக் கிழவியின் மகன். உங்கள் அண்ணன் அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார். செட்டியார் என்னைப் பார்த்து, "அட, மொய்தீன் சம்சாரமா? தம்பி நாகூர்லேர்ந்து எப்பம்மா வருது?" என்று கேட்டார்.

அவர் கேட்காமல் இருந்திருந்தால் நான் பேசாமல் போயிருப்பேன் என்றே நினைக்கிறேன்.

"அவங்க நாகூர்ல இல்லைங்க. ஜெரஜாக்ல இருக்காங்க. பெரு வியாதி. நான் சோதனைக்கு ஆஸ்பத்திரிக்குப் போறேன்" என்றேன்.

செட்டியார் கண்ணாடி மேசையிலிருந்து கையை எடுத்தார். வாத்தியார் குனிந்து தன் செருப்பைப் பார்த்தார். மாடிப்படியில் நின்ற லாத்தா, "இரு, நானும் வர்றேன்" என்றது. தலையில் துணியைப் போட்டுக்கொண்டு அடுப்பை அணைக்காமலே வந்துவிட்டது.

தெருவில் நடக்கக் கால் பின்னிக்கொண்டது. நாலு மாதம் நடக்காத கால். வெயில் கண்ணைக் குத்தியது. ஆஸ்பத்திரியில் அதே நர்ஸம்மாதான். எனக்கு முதலில் தண்ணீர் கொடுத்தாள். கண்ணை மூடச் சொல்லி இறகால் தடவினாள், நீங்கள் எழுதியிருந்த மாதிரியே. உடம்பு முழுக்கத் தொட்ட இடமெல்லாம் சொன்னேன். முழங்கைக்குக் கீழும் சொன்னேன். காதில் கீறி எடுத்தார்கள். நேற்றுப் போய்க் கேட்டோம். ஒன்றுமில்லை. லாத்தாவுக்கும் ஒன்றுமில்லை. எனக்கு ஓர் அட்டை கொடுத்திருக்கிறார்கள். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை வந்து காட்ட வேண்டும், ஐந்து வருஷத்துக்கு.

வீட்டில் என்ன நடக்கிறது என்று இப்போது எழுத மாட்டேன்.

மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை பார்க்க வருகிறவர்களுக்குப் படகு விடுகிறார்கள் என்று நர்ஸம்மா சொன்னாள். இதை ஏன் நீங்கள் ஒரு கடிதத்திலும் எழுதவில்லை? நான் வருகிறேன். அதுவரை எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். அந்த வார்த்தையைச் சொல்லத்தான் வேண்டுமென்றால் என் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்.

காமாரியா


ஜெரஜாக்
6 ஜூலை 1927

காமாரியா,

நீ போய் மூன்று நாளாகிறது. அன்று பேசாததையெல்லாம் எழுதலாம் என்று உட்கார்ந்தேன்.

சனிக்கிழமை முழுவதும் ஒத்திகை பார்த்தேன். நேராக நின்று, அவள் முகத்தைப் பார்த்து, மெதுவாகச் சொல்லிவிட வேண்டும், அவள் நன்மைக்குத்தான் என்று. படகு வந்தது. நாங்கள் இருபது பேர் காத்து நின்றோம், பார்க்க ஏழு பேர்தான் வந்திருந்தீர்கள். இரட்டைக் கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் நீ நின்றாய். இடையில் எட்டடி. நடுவில் காவல்காரர். குடை என்னுடையது. நீ மெலிந்திருந்தாய். "சொல்லுங்க" என்றாய்.

என் வாயிலிருந்து வந்தது, "தண்ணி இன்னும் தெளிஞ்சிருக்கா?" என்பதுதான்.

நீ சிரித்துவிட்டாய். அந்த இடத்தில் யாரும் சிரிப்பதில்லை, காவல்காரர்கூடத் திரும்பிப் பார்த்தார். அப்புறம் நீ அழுதாய், நிறுத்தவில்லை, நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கட்டுப்போட்ட என் இடது கையை நீ பார்த்ததைப் பார்த்தேன். அதை மறைக்க வேண்டும் என்று தோன்றியது. மறைக்கவில்லை. மணி அடித்துவிட்டார்கள்.

படகு திரும்பும்போது நீ கரைப்பக்கம் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாய். அது மறையும்வரை நின்றேன். வார்டுக்கு வந்து தலையணைக்குக் கீழே இருந்த காகிதத்தை எடுத்துக் கிழித்தேன். அண்ணனுக்கும் எழுதிவிட்டேன். நீயாகக் கேட்டால் கொடுப்பேன், எந்த நாளும் கொடுப்பேன். வேறு யார் கேட்டும் கொடுக்கமாட்டேன்.

நான் பயந்துபோய் இருக்கிறேன். நீ வராமல் போய்விடுவாய் என்று இல்லை. நீ வந்து வந்து, உன் வயதெல்லாம் இந்தக் கம்பிக்கு அந்தப் பக்கமே போய்விடுமோ என்று.

காஜா மொய்தீன்


ஆச்சே தெரு
17 ஜூலை 1927

மச்சானுக்கு,

நலமாக இருக்கிறேன் என்று எழுதினால் பாதி பொய். நடந்ததைச் சொல்கிறேன்.

காதி வரவில்லை. உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு உங்கள் அண்ணன் அன்று முழுவதும் கடையைத் திறக்கவில்லை. சாயங்காலம் மாடிப்படியில் நின்று, "போறதுன்னா போ, இருக்கறதுன்னா இரு. ஆனா நான் ஒங்கிட்டப் பேச மாட்டேன்" என்றார். இதுவரை பேசவில்லை. செட்டியார் கொடுத்திருந்த இரண்டு படங்களை ஆள் அனுப்பித் திரும்ப வாங்கிக்கொண்டார். மலாய் வாத்தியார் மட்டும் வழக்கம்போல வந்து, தன் படத்துக்குக் கறுப்புச் சட்டமே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். கடை படுத்துவிடவில்லை. ஆனால் முன்போல இல்லை. அந்தப் பாவம் எனக்குத் தெரிகிறது. லாத்தாவின் பிள்ளைகளை மதரசாவில் தனியே உட்கார வைக்கிறார்களாம். அதைச் சொல்லும்போது லாத்தா என்னைப் பார்க்கவில்லை.

உம்மா வந்தது. எல்லாம் தெரிந்துகொண்டுதான் வந்தது. என்னோடு வந்துவிடு, சுங்கை பட்டாணி இல்லாவிட்டால் வேறு இடம் பார்க்கலாம் என்று அழுதது. நான் கொடுத்த தேத்தண்ணீரைக் கையில் வாங்கி, ஆறும்வரை வைத்திருந்து, குடிக்காமல் கீழே வைத்துவிட்டது. நான் நீ பெற்ற பிள்ளை இல்லையா என்று கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை. அட்டையைக் காட்டினேன். உம்மாவுக்குப் படிக்கத் தெரியாது.

ஆகவே எங்கும் போகவில்லை. இங்கேயேதான் இருக்கிறேன். நேற்றுப் பகலில் லாத்தா குறடு எடுத்து வந்து ஜன்னல் ஆணிகளைப் பிடுங்கியது. நான்கு வந்தன. இரண்டு வரவில்லை, தலை முறிந்துபோயிற்று. ஒரு பக்கக் கதவு மட்டும் திறக்கிறது. தெருவில் போகிறவர்கள் நிமிர்ந்து பார்க்கிறார்கள், சிலர் எதிர்வரிசைக்கு மாறிப் போகிறார்கள். தண்ணீர்க்காரன் வாளியை வாசலிலேயே வைத்துவிட்டு விலகிவிடுகிறான். வெளியே போகலாம், யாரும் தடுப்பதில்லை. போனால் யாரும் பேசுவதில்லை. முன்பு கதவு பூட்டியிருந்தது. இப்போது இப்படி.

நாடாச் செடி தொட்டியை அடைத்துக்கொண்டு வருகிறது. குட்டிகளைக் கிள்ளி எடுத்தேன். தீவுக்குள் எதை வேண்டுமானாலும் கொண்டுவரலாம், ஆனால் உள்ளே வந்தது திரும்ப வெளியே போகாது என்று படகுக்காரர் சொன்னார். ஒரு பிஸ்கட் டின்னில் ஈர மண்ணோடு நாலு குட்டி கொண்டுவருகிறேன். கண்ணாடி ஜாடி கிடைத்தால் ஒன்று எடுத்து வையுங்கள். குமிழி ஏறுவதை நீங்களே பாருங்கள்.

நான் ஏன் இருக்கிறேன் என்று நீங்கள் கேட்கவில்லை. கேட்க மாட்டீர்கள் என்று தெரியும். எனக்கே சரியாகச் சொல்லத் தெரியவில்லை. போக வேறு இடமில்லை என்பதும் உண்மை. அது மட்டும் இல்லை என்பதும் உண்மை. என் வயதைப் பற்றிப் பயப்படுவதை என்னிடம் விட்டுவிடுங்கள். ஒரு நாள் நான் போதும் என்று சொன்னாலும் சொல்வேன். சொன்னால் அப்போது கொடுங்கள். அதுவரை என்னைக் கேட்காமல் என்னைப் பற்றி யாருக்கும் ஒரு வரிகூட எழுதாதீர்கள்.

அந்த மூன்று மாதத்தை நான் மன்னித்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். மன்னிக்கவில்லை. ஆகஸ்ட் ஏழாம் தேதி ஞாயிற்றுக்கிழமை, படகு ஒன்பது மணிக்கு.

காமாரியா